பனியன் ஊரிலிருந்து பனிமலைக்கு



ஈரோட்டிலிருந்து கோவைக்குச் செல்லும் இருப்புப் பாதையில், ஊத்துக்குளி நிலையத்தை வாரம் ஒருமுறை நில்லாமல் கடந்து செல்லும் வண்டி ஒன்றுண்டு. கன்னியாகுமரியில் புறப்பட்டு, ஜம்முவை அடுத்த கட்ரா வரை செல்லும் ஹிம்சாகர் விரைவு வண்டியே அது. ஹிம் என்றால் பனி. சாகர் என்றால் கடல். கடலோரத்தில் தொடங்கிப் பனிமலையின் அடிவாரத்தில் முடியும் அந்த வண்டி நம் ஊரின் வழியே ஓடிக்கொண்டிருந்தும், பனியை நேரில் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. ஊரெல்லாம் பனியன் தைக்கிறோம், பனியைத்தான் பார்த்ததில்லை.

இப்போது நிலைமை மாறி வருகிறது. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், "இந்த வருடமாவது பனியில் விளையாடக் கூட்டிப் போங்கள் அத்தா" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். குல்மார்க், மணாலி, ஔலி என்று அவர்களே பெயர்களையும் சொல்கிறார்கள். சுற்றுலா முகவர்களோ எந்த இடத்தைக் கேட்டாலும் "அருமையான இடம்" என்றே பதில் தருகிறார்கள். ஆண்டு முழுதும் பவர் டேபிளில் குனிந்து உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரு வாரத்தில் செலவிடப்போகும் குடும்பத்துக்கு இந்தப் பதில் போதாது.

எந்த மலை அழகானது என்பதன்று கேள்வி. எல்லா மலையும் அழகானவைதாம். உங்கள் வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளைக்கு எந்த மலை, எந்த மாதத்தில் பொருந்தும் என்பதே கேள்வி. பத்து வயது மகன் எங்கும் ஓடி ஆடுவான். மூன்று வயது மகள் என்ன ஆவாள் என்று பார்த்தே இடத்தை முடிவு செய்தல் வேண்டும்.

மூன்று மலைகள்

நம் நாட்டில் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடங்கள் முக்கியமாக மூன்று: காஷ்மீரின் குல்மார்க், இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியை அடுத்த சோலாங், உத்தரகண்டின் ஔலி.

ஔலியை முதலில் ஒதுக்கிவிடலாம். சரிவுகள் சிறந்தவை, 2011-ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கு நடைபெற்றன. ஆயினும் ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர், வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் ஒரு பகல் முழுதும் பயணம் செய்ய வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி நான்காவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளைகளை வைத்திருப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஔலியின் அடிவாரமான ஜோஷிமடத்தில் 2023 ஜனவரியில் நிலம் புதைந்து நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டதும், அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் ரோப்கார் அப்போது நிறுத்தப்பட்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. பிள்ளைக்கு இரவில் மூச்சு இரைத்தால் பெரிய மருத்துவமனைக்குக் கீழிறங்க அதே ஒரு பகல் சாலைதான் உண்டு.

மணாலி பரவாயில்லை. ஊர் 2,050 மீட்டர் உயரத்தில், நம் உதகையைவிடச் சற்றுத் தாழ்வாகவே உள்ளது. 13 கிலோமீட்டர் தொலைவில் சோலாங் பள்ளத்தாக்கு. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியாக மறுபுறம் சிஸ்ஸு வரை எளிதில் போய் வரலாம். 1961-இல் நிறுவப்பட்ட அரசு மலையேற்றப் பயிற்சி நிலையமும் மணாலியில் உள்ளது. ஆனால் தில்லியிலிருந்து இரவு முழுதும் பேருந்துப் பயணம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 2023-இலும் 2025-இலும் மழைக்கால வெள்ளம் பியாஸ் ஆற்றங்கரைச் சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. புத்தாண்டு வாரத்திலோ வடநாட்டார் கார்களில் திரண்டு வருவதால், பனியைவிட வாகன நெரிசலையே பிள்ளைகள் அதிகம் காண்பார்கள்.

குல்மார்க் இவ்விரண்டினும் வேறானது. பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் யூசுப் ஷா சக் சூட்டிய பெயர் அது. பூக்களின் புல்வெளி என்று பொருள். ஆங்கிலேயர் காலத்தில், 1920-களிலேயே அங்கே பனிச்சறுக்கு தொடங்கிவிட்டது. 1968-இல் மத்திய அரசு அங்கே பயிற்சி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்திற்று. 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடைபெற்று வருகின்றன. பெற்றோருக்கு இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குல்மார்க்கை அடைந்துவிடலாம். ஏதேனும் நேர்ந்தால், அதே இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீநகரின் பெரிய மருத்துவமனைகளுக்குத் திரும்பவும் முடியும்.

சோற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காஷ்மீரிகள் நம்மைப் போல் சோறு உண்பவர்கள். ரொட்டியைக் கண்டாலே முகம் திருப்பும் பிள்ளைக்கு அங்கே மூன்று வேளையும் சுடுசோறு கிடைக்கும். ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரிலேயே ஜும்ஆ பள்ளிவாசலும் உண்டு. வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் ஒரு சிறு பாட்டிலில் நெய்யும் எடுத்துச் செல்லுங்கள். ஊத்துக்குளி நெய் அந்தக் குளிரில் கல்லாக உறைந்துவிடும். சுடுசோற்றில் இட்டதும் உருகும்.

விடுமுறை ஒரு மாதம், பனி ஒரு மாதம்

இடத்தைத் தேர்ந்தாலும் காலத்தைத் தேர்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். குல்மார்க்கின் பனிக்காலமோ டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாட்களைச் "சில்லை கலான்", அதாவது பெருங்குளிர் என்று தனியே பெயரிட்டு அழைக்கிறார்கள். தால் ஏரியின் ஓரங்கள் உறைந்து, குழாய்களில் தண்ணீர் நின்றுபோகும் நாட்கள் அவை.

மே மாதத்தில் சென்றால் குல்மார்க்கில் பச்சைப் புல்வெளியே காணக் கிடைக்கும். பனி மேலே ஏறிப் போயிருக்கும். அதைக் காண இரண்டு கட்டமாக அமைந்த ரோப்காரில் செல்ல வேண்டும். முதற்கட்டம் 1998-இல் திறக்கப்பட்டது. அது ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரமுள்ள கோங்டோரி வரை செல்லும். இரண்டாம் கட்டம் 2005-இல் திறக்கப்பட்டது. அது அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர், அதாவது பதின்மூன்றாயிரம் அடி வரை ஏறுகிறது. மே மாதப் பனி பெரும்பாலும் அந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தில், சிறு பிள்ளையை ஏற்றக்கூடாத உயரத்தில் போய்ப் பனி அமர்ந்துகொள்கிறது. மணாலியிலும் இதே கதைதான். மே மாதத்தில் பனி இருக்கும் ரோதாங் கணவாய் 3,978 மீட்டர் உயரத்தில் உள்ளது.

உயரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், முகவர்கள் எவரும் இதைச் சொல்வதில்லை. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க் ஊர் ஏறத்தாழ 2,650 மீட்டர். இரண்டும் ஒரே உயரம் என்றே சொல்லிவிடலாம். தொட்டபெட்டாவில் ஓடி விளையாடிய பிள்ளை குல்மார்க்கிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு உயர நோய் வரத் தொடங்குகிறது; அங்கேயே இரவு தங்கினால் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை அதன் அறிகுறிகள். பெரியவர் சொல்லிவிடுவார். "எனக்குத் தலை வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாத பிள்ளை சிணுங்கும், சாப்பிட மறுக்கும், விளையாடாமல் மடியிலேயே சுருண்டு கிடக்கும். நாமோ, குளிரில் அடம் பிடிக்கிறது என்று எண்ணி மேலும் ஒரு போர்வையைப் போர்த்துவோம். அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். மறுநாள் காலை வரை காத்திருக்கலாகாது.

ஆகவே முதல் இரண்டு இரவுகளை 1,585 மீட்டர் உயரமுள்ள ஸ்ரீநகரில் கழியுங்கள். குல்மார்க்குக்குக் காலையில் சென்று மாலையில் இறங்கிவிடலாம். அங்கே தங்கியே ஆக வேண்டும் என்றால் ஓர் இரவு போதும். ரோப்காரின் முதற்கட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். இரண்டாம் கட்டத்துக்கு எட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்ற வேண்டாம் என்பது எமது உறுதியான கருத்து. அத்தா பெரிய பிள்ளையுடன் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும். அம்மா சின்னவளுடன் கோங்டோரியில் பனிமனிதன் செய்யட்டும். அடுத்த நாள் முறை மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்துமா, பிறவி இதயக் குறை, கடும் இரத்தச் சோகை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரைக் கண்டு கேட்டுவிட வேண்டும்.

மே மாதம் தவிர வேறு காலம் வாய்க்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஸ்ரீநகரிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில் சோனாமார்க் இருக்கிறது. அதை அடுத்த தாஜிவாஸ் பனியாற்றின் அடியில் கோடையிலும் பனி கிடைக்கும். குல்மார்க்கின் இரண்டாம் கட்டத்தைவிட அது மிகத் தாழ்வான இடம். முன்பு குளிர்காலத்தில் பனிச்சரிவால் அந்தச் சாலை மூடப்பட்டுவிடும். 2025 ஜனவரி 13-இல் திறக்கப்பட்ட ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குப் பின், ஆண்டு முழுதும் அவ்வூருக்குச் செல்ல வழி பிறந்துள்ளது.

நம் பகுதிக் குடும்பங்களுக்கு ஏற்ற காலம் பொங்கல் விடுமுறைதான். பள்ளிக்கூடமும் கம்பெனியும் ஒன்றாக மூடும் நாட்கள் அவை. தை மாதத் தொடக்கம் சில்லை கலானின் நடுப்பகுதியாகையால் பனிக்கு வாய்ப்பு மிகுதி. வாய்ப்பு என்றுதான் சொல்கிறோம். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறத்தில் கிடந்தன. 2025-இல் கேலோ இந்தியா போட்டிகளே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழல்கள் கொண்டுவந்தால்தான் அங்கே பனி. அது இறைவன் நாட்டம். அதற்கு எந்த முகவரும் உத்தரவாதம் தர இயலாது. மறுபுறம், பனி மிகுந்தால் விமானங்கள் நின்றுபோகும். எனவே திரும்பும் நாளுக்கும் கம்பெனி திறக்கும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

பிப்ரவரியில் செல்ல எண்ணுவோர் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2026-இலும் 2027-இலும் ரமளான் மாதம் பிப்ரவரியில் தொடங்குகிறது. பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது உண்மையே. ஆனால் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும் ஊரில் சிறு பிள்ளைகளுடன் அலைவது எளிதன்று. தராவீஹையும் ஊர்க் கஞ்சியையும் விட்டுவிட்டுப் பனி பார்க்கப் போவதற்கு மனமும் வராது.

பனியனைக் கழற்றி வைத்துவிட்டு…

பருத்தி ஆடைதான் உடலுக்கு நல்லது என்று உலகுக்கே தைத்துக் கொடுக்கும் ஊர் நம்முடையது. வெயிலுக்கு அது முற்றிலும் உண்மை. பனியில் அதுவே பகை. பனியில் ஓடும் பிள்ளைக்கு உள்ளே வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் ஈரத் துணி உடலோடு ஒட்டிக் குளிரை உள்ளே இழுக்கும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். பாலியஸ்டர் நூல் ஈரத்தைத் தன்னுள் தேக்கி வைக்காது.

பலர் செய்வது என்னவென்றால், கம்பெனியில் எக்ஸ்போர்ட்டுக்குப் போக மிஞ்சிய ஃபிளீஸ் ஸ்வெட் சட்டைகளைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் செல்வது. தடிமனாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர்த் த்ரீ த்ரெட் ஃபிளீஸ் பெரும்பாலும் பருத்தி. ஐரோப்பியர் அதைத் தெருவில் நடக்க அணிகிறார்கள். பனியில் உருள அன்று. ஜிஎஸ்எம் எவ்வளவு என்று பார்க்கும் கண், இம்முறை நூல் எது என்று பார்க்கட்டும். உடலை ஒட்டி பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத கோட்டு என்று மூன்று அடுக்கு வேண்டும். கம்பளிச் சட்டைகள் உதகையில் திபெத்தியர் கடைகளில் கிடைக்கும். நீர் புகாத கோட்டும் ரப்பர் பூட்ஸும் குல்மார்க்கின் அடிவாரமான தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். சிறு பிள்ளைகளின் அளவு கிடைப்பதுதான் கடினம். பிள்ளைகளுக்கு உரியதை ஊரிலிருந்தே கொண்டு செல்லுங்கள். கையுறை ஐந்து விரலும் பிரிந்ததாக வேண்டாம். நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் உறை சூடு காக்கும். அதிலும் இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

கறுப்புக் கண்ணாடியை அலங்காரம் என்று எண்ண வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும். இரவில் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும். சகோதரிகளுக்கு ஒரு சொல்: தரையைத் தொடும் புர்கா பனியில் நனைந்து, கனத்து, காலைத் தடுக்கும். கணுக்கால் அளவுக்குச் சுருக்கி, மேலே காஷ்மீரப் பெண்கள் அணியும் பிரான் அங்கியைப் போட்டுக்கொண்டால் மானமும் காக்கும், குளிரும் அண்டாது. தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளி அங்கி அது.

அந்தப் பிரானுக்குள் காஷ்மீரிகள் காங்கிரி என்னும் சிறு நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்வதைப் பிள்ளைகள் ஆசையோடு பார்ப்பார்கள். பார்க்கட்டும், கையில் கொடுக்க வேண்டாம். நெருப்பைப் பற்றிப் பெரிய எச்சரிக்கை வேறொன்று இருக்கிறது. மூடிய அறையில் கரி அடுப்போ எரிவாயு ஹீட்டரோ எரிந்தால், நிறமும் மணமுமில்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறையில் நிறைந்துவிடும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. 2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில், மூன்று குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்தினர் ஐவர் இவ்வாறே மூச்சுத் திணறி மாண்டனர். குளிரைப் பிறந்தது முதல் அறிந்த மண்ணின் மக்களுக்கே நேர்ந்தது அது. விடுதி அறை எடுக்கும்போது, எதனால் சூடேற்றுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மின்சாரப் போர்வையும் மின் ஹீட்டரும் போதும். கரி எரியும் அறையானால், தூங்குமுன் அணைத்துவிட்டு, சன்னலில் நான்கு விரல் இடம் விடுங்கள்.

சறுக்கலாமா?

ஐந்து வயது ஆன பிள்ளை சறுக்கக் கற்கலாம். மைதானத்தை ஒட்டிய மெல்லிய சரிவில் வழிகாட்டி ஒருவர் கையைப் பிடித்துக் கற்பிப்பார். ஒரு நாளில் நேராக நின்று நான்கடி வழுக்குவதற்குத்தான் பழக முடியும். அதற்கே பிள்ளைக்குப் பெருமை தாங்காது. தலைக்கவசம் இல்லாமல் சரிவில் விடக்கூடாது. உண்மையில் கற்றுக்கொள்ள விரும்பும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அரசு நிறுவனம் நடத்தும் பயிற்சி முகாம்கள் உண்டு. குறியிட்ட சரிவை விட்டு அப்பால் போகவே கூடாது. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர். அவர்கள் சறுக்கத் தெரிந்தவர்கள்.

காற்று பலமாக வீசினால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் வீணாயிற்றே என்று சண்டையிட வேண்டாம். 2017 ஜூன் 25 அன்று காற்றில் மரம் ஒன்று சாய்ந்து ரோப்கார் மீது விழ, ஏழு பேர் மாண்டதை நினைவில் கொள்ளுங்கள்.

பனிவண்டியில் உட்காரவைத்து இழுத்துச் செல்லும் ஆட்கள் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். பிள்ளையை ஏற்றுங்கள். மூச்சிரைக்க ஒருவர் இழுக்க, எண்பது கிலோ எடையுள்ள நாமும் ஏறி அமர்வது அழகன்று. ஏறுமுன்பே கூலியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பேசியதைவிடப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தால் குறைந்துவிட மாட்டோம். நான்கு மாதப் பனியில்தான் அவருடைய ஆண்டு வருமானம் இருக்கிறது.

தொழுகை

ஸ்ரீநகரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை ஐந்தரை மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் நெருங்கி நெருங்கி வரும். மலையிலிருந்து பிந்தி இறங்கினால் அஸர் வழியிலேயே போய்விடும். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், பயணத்துக்காக இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில்லை. ஆகவே மேலே ஏறும்போதே இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமாதலால் நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். உள்ளூர் இமாமின் பின்னே தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும்.

உளூச் செய்து தோல் காலுறை அணிந்துகொண்டால், பயணி மூன்று பகல் மூன்று இரவு வரை காலைக் கழுவாமல் அதன்மேல் ஈரக் கையால் தடவி மஸஹ் செய்யலாம். மார்க்கம் தந்த இந்தச் சலுகையின் அருமை நம் ஊர் வெயிலில் தெரியாது. உறைந்த நீரில் விரலை நனைத்த பின்பே தெரியும். காஷ்மீரக் கடைகளில் தோல் காலுறை எளிதாகக் கிடைக்கிறது. கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையான நிலையில் உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைப் பயான்களில் கேட்டிருப்பீர்கள். ஆனால் விடுதியில் வெந்நீர் வரும்போது அந்தச் சலுகையை எடுக்க இயலாது. கிப்லாவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்புகிறோம். காஷ்மீரில் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே திரும்ப வேண்டும்.

அச்சமும் பணமும்

"காஷ்மீருக்கா? பிள்ளைகளோடா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் நடந்த கொடுந்தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். பயணிகளைக் காக்க முனைந்த உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அவர்களுள் அடக்கம். அதன்பின் 48 சுற்றுலா இடங்களை அரசு மூடிற்று. ஜூன் முதல் படிப்படியாகத் திறந்தது. அச்சம் வேண்டாம் என்று இங்கிருந்து எழுதிவிடுவது எமக்கு எளிது; போகிறவர்கள் நீங்கள். புறப்படும் வாரத்தில் எந்த இடம் திறந்திருக்கிறது என்று அரசு சுற்றுலாத் துறையிடம் கேளுங்கள். திறக்காத இடத்துக்குக் குறுக்கு வழியில் அழைத்துச் செல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே அறையும் விமானமும் பதிவு செய்யுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே இயங்குவதில்லை; ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும்.

கடன் வாங்கிப் போக வேண்டாம். மாதத் தவணையில் சுற்றுலா என்று விளம்பரம் செய்கிறார்கள். தவணைக்குள் வட்டி ஒளிந்திருக்கிறது. பனி கரைந்த பின்னும் வட்டி கரையாது. இரண்டு ஆண்டு சேர்த்துப் போனால் பிள்ளைக்கும் இரண்டு வயது கூடியிருக்கும். முன்பு சொன்ன உயரக் கவலையும் அந்த அளவுக்குக் குறையும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டார் இவ்வாண்டு உதகையோடு நிறுத்திக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அது விழும் பனியன்று, புல்லின் மேல் உறையும் பனி. ஆயினும் பிள்ளையின் கைக்குக் குளிர் ஒன்றுதான். 2024 மே மாதம் முதல் உதகைக்கு வாகன இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதை மறவாதீர்கள். துபாயில் உறவினர் இருந்தால், அங்கே 2005-இல் திறந்த உள்ளரங்கப் பனிச்சறுக்குக் கூடத்தில் வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் பிள்ளைகள் பனியில் விளையாடலாம். பார்த்தவர்கள் அதைப் பெரிய ஐஸ் பெட்டி என்கிறார்கள். பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை.

பொங்கலுக்குச் செல்வோருக்கு நாட்கள் குறைவு. கோவையிலிருந்து தில்லி வழியாக விமானத்தில் சென்று, நான்கு இரவுகள் தங்கித் திரும்புவதே முடியும். மே மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் ஒதுக்க இயன்றவர்கள் ரயிலில் செல்லலாம். செலவில் பாதிக்கு மேல் மிச்சமாகும். ஹிம்சாகரில் ஈரோட்டில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாட்களில் கட்ரா. அங்கிருந்து, 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட வந்தே பாரத் ரயிலில் செனாப் பாலத்தைக் கடந்து மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலத்துக்காகவே சன்னலோரம் யார் உட்காருவது என்று பிள்ளைகளிடையே முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாட்களுக்குப் பதில் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே 1-ஆம் தேதி புறப்பட வேண்டுமானால் மார்ச் 2-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, அனைவரின் ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருங்கள்.